கமக்காரர் பதிவேட்டில் தனியிலக்கம்: கணினி விரிதாளில் தானாக இலக்கமிடும் முறை



விதைப்பும் அறுவடையும் மாத்திரம் கமத்தொழில் ஆகா. வயலில் நடப்பது யாவும் ஏட்டிலும் ஏறினாற்றான் செய்த வேலைக்குரிய பயன் கைக்கு வந்து சேரும். நானாட்டான் பகுதியில் நெல்வயல்களிற் பெரும்பாலானவை கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பியவை. அக்குளமோ, தேக்கம் அணைக்கட்டில் மறிக்கப்பட்டு வரும் அருவியாற்று நீரை நம்பியது. காலபோகத்தில் வெள்ளத்தையும், சிறுபோகத்தில் நீர்க்குறையையும் மாறிமாறிக் காணும் நிலம் இது. வெள்ளத்தால் அழிந்த வயலுக்கு இழப்பீடு கேட்கும்போதும், நீர் போதாத சிறுபோகத்தில் எவ்வளவு நிலம் செய்வது, அதில் எவருக்கு எவ்வளவு பங்கு என்று தீர்மானிக்கும்போதும், விதைநெல்லும் உரமும் பங்கிடும்போதும் முதலில் எடுத்துப் பார்க்கப்படுவது கமக்காரர் அமைப்பின் பதிவேடே ஆகும். அப்பதிவேட்டில் ஒருவர் பெயர் இருமுறை ஏறினால் மற்றொருவரின் பங்கு குறையும். ஒருவர் பெயர் விடுபட்டால் அவரது போகமே வீணாகும்.

இன்று பல கமக்காரர் அமைப்புக்களின் செயலாளர்கள் இப்பதிவேட்டைக் கணினியில் விரிதாளாக வைத்திருக்கின்றனர். வீட்டிலுள்ள மகனோ மகளோ பாடசாலையிற் கற்ற கணினி அறிவைக்கொண்டு இவ்வேலைக்கு உதவுவதும் உண்டு. விரிதாள் என்பது நிரைகளும் நிரல்களுமாகக் கோடிட்ட கணக்குத்தாள் போன்றது. அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு தனியிலக்கம் தானாகக் கிடைக்கச் செய்வது எங்ஙனம், கிடைத்த இலக்கத்தைப் பிழையின்றிக் காப்பது எங்ஙனம் என்பவற்றை இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

தனியிலக்கம் என்பது யாது?

மாடு வளர்ப்போர் நன்கறிந்த ஒன்றைக் கொண்டு இதனை விளக்கலாம். மாலையிற் பட்டிக்குள் வரும் மாடுகள் இன்று ஒரு வரிசையில் வரும், நாளை வேறொரு வரிசையில் வரும். முதலாவதாக வந்த மாடு எது என்று கேட்டால் நாளுக்கொரு விடை கிடைக்கும். ஆனால் மாட்டின் தோலிற் சுட்ட குறியோ, அது பட்டியில் நின்றாலும் காட்டில் மேய்ந்தாலும் மாறுவதில்லை. பட்டியில் நிற்கும் வரிசை வேறு, மாட்டின் குறி வேறு. பதிவேட்டில் ஒருவர் எத்தனையாவது நிரையில் இருக்கின்றார் என்பது பட்டி வரிசையைப் போன்றது. அவருக்கு வழங்கப்பட்ட தனியிலக்கமோ குறியைப் போன்றது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே கணினிப் பதிவேடுகளில் மிகுதியாகக் காணப்படும் பிழையாகும்.

தனியிலக்கத்துக்கு மூன்று விதிகள் உண்டு.

1. ஓரிலக்கம் ஒருவருக்கே உரியது. ஒருவருக்கும் ஓரிலக்கமே உரியது.

2. ஒருமுறை வழங்கிய இலக்கம் பின்னர் மாறலாகாது.

3. ஒருவர் விலகினாலும் இறந்தாலும் அவரது இலக்கத்தை வேறொருவருக்கு மீண்டும் வழங்கலாகாது. அவ்வாறு வழங்கினாற் பழைய கணக்கும் புதிய கணக்கும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

பெயரே போதாதோ?

ஓர் ஊரில் ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் உடையோர் மூவர் நால்வர் இருப்பது நம் பகுதியிற் புதுமையன்று. ஒரே பெயரை ஒருவர் ஒருவாறும் மற்றொருவர் வேறொருவாறும் எழுதுவதும் உண்டு. முதலெழுத்துக்குப் பின் ஒரு புள்ளி விடுபட்டாலும், ஓரிடைவெளி கூடினாலும் கணினி அவற்றை இரு வேறு பெயர்களென்றே கொள்ளும். மனிதர் ஊகித்து அறிவதைக் கணினி ஊகிப்பதில்லை. ஆதலின் பெயரைக்கொண்டு ஒருவரைத் தேடலாம், ஆனால் அதனை மாத்திரம் அடையாளமாகக் கொள்ளலாகாது.

தேசிய அடையாள அட்டை இலக்கத்தையே எடுத்துக்கொண்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். அது நல்ல இலக்கமே. பிறந்த ஆண்டு, ஆண்டில் எத்தனையாம் நாள் என்னும் எண், தொடரெண், சரிபார்க்கும் எண் என்பன அதனுள் அடங்கியுள்ளன. நாளெண்ணோடு பெண்களுக்கு 500 கூட்டப்படும். எனினும் இதனில் ஒரு சிக்கல் உண்டு. பழைய அட்டையில் ஒன்பது எண்களும் ஈற்றில் ஓரெழுத்தும் உள்ளன. அங்கே பிறந்த ஆண்டின் கடைசி இரு எண்களே குறிக்கப்பட்டன. 2016ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் இலக்கத்தில் பன்னிரண்டு எண்கள் உள்ளன. ஆண்டும் நான்கு எண்களில் முழுமையாக எழுதப்படுகின்றது. இரண்டு எண்களில் மாத்திரம் ஆண்டை எழுதினால் 1905இற் பிறந்தவரும் 2005இற் பிறந்தவரும் ஒரே ஆண்டெண்ணைப் பெறுவர் என்பதை நோக்குக.

ஒரு கமக்காரரின் இலக்கம் முன்னொரு பட்டியலிற் பழைய முறையிலும், பின்னொரு பட்டியலிற் புதிய முறையிலும் எழுதப்பட்டிருந்தால், கணினி அவரை இருவராக எண்ணும். ஆதலின் அடையாள அட்டை இலக்கத்தைத் தனியொரு நிரலில், யாவருக்கும் பன்னிரண்டு எண் முறையிலேயே எழுதிக்கொள்க. பழைய இலக்கத்தைப் புதிய முறைக்கு மாற்ற, முன்னே 19 சேர்த்து, ஆண்டையும் நாளையும் அடுத்து ஒரு பூச்சியம் இட்டு, ஈற்றெழுத்தை நீக்குதல் வேண்டும். இந்நிரல் ஒருவர் இருமுறை பதியப்பட்டாரோ எனச் சரிபார்க்க உதவும். அன்றாடம் மூடையிலும் பற்றுச்சீட்டிலும் எழுதுவதற்கு அமைப்பு தானே வழங்கும் சிறிய தொடரிலக்கமே ஏற்றது. ஒருவரின் அடையாள அட்டை இலக்கத்தைப் பலர் பார்க்கும் இடத்தில் எழுதி வைப்பது அவருக்கு நன்றன்று.

இலக்கத்தினுள் எதனைச் சேர்க்கலாம்?

நெல்லினங்களின் இலக்கங்களைப் பார்க்குக. பீ.ஜீ. 300 மூன்று மாத நெல். பீ.ஜீ. 360, ஏ.ரி. 362 ஆகியவை மூன்றரை மாத நெல். பீ.ஜீ. 403 நான்கு மாத நெல். பீ.ஜீ. 450 நாலரை மாத நெல். இலக்கத்தைக் கண்டவுடனேயே வயது தெரிகின்றது. முன்னுள்ள எழுத்துக்கள் அவ்வினம் பத்தலகொடையிலோ அம்பலாந்தோட்டையிலோ உருவாக்கப்பட்டது என்பதைக் காட்டுகின்றன. இவ்வாறு இலக்கத்தினுட் பொருளைப் பொதிந்து வைக்க முடிந்தமைக்குக் காரணம், ஓரினத்தின் வயதும் அது பிறந்த இடமும் பின்னர் மாறாமையே.

கமக்காரரின் நிலைமை அத்தகையதன்று. இன்று ஓர் ஊரில் இருப்பவர் நாளை வேறூருக்குக் குடிபெயரலாம். மூன்று ஏக்கர் செய்பவர் அடுத்த போகத்தில் ஐந்து ஏக்கர் செய்யலாம். ஊரின் பெயரையோ, காணியின் பரப்பையோ, தொலைபேசி இலக்கத்தையோ தனியிலக்கத்தினுட் சேர்த்தால், அவை மாறும்போது இலக்கம் பொய்யாகிவிடும். ஆதலின் மாறக்கூடியவற்றைத் தனித்தனி நிரல்களில் எழுதுக. இலக்கத்தில் வெறுந் தொடரெண்ணையே வைத்துக்கொள்க.

ஆளும் காணியும் ஒன்றல்ல

இலக்கமிடத் தொடங்குமுன் ஒன்றை நன்கு தெளிதல் வேண்டும். ஒரு கமக்காரருக்கு இரண்டு மூன்று வயல்கள் இருக்கலாம். ஒரு வயலை ஒருவர் ஒரு போகத்திலும், குத்தகையாக மற்றொருவர் அடுத்த போகத்திலும் செய்யலாம். வெள்ளம் அழிப்பது வயலை. இழப்பீடு பெறவேண்டியவரோ அப்போகத்தில் அவ்வயலைச் செய்தவர். ஆளுக்கும் காணிக்கும் ஒரே இலக்கத்தை வைத்தால், இரண்டு வயல் உடையவருக்கு இரண்டிலக்கம் வரும். அன்றேல் அவரது இரண்டாம் வயல் பட்டியலில் இல்லாமற் போகும்.

ஆதலின் மூன்று பணித்தாள்களை வைத்துக்கொள்க. முதலாவது, அங்கத்தவர் தாள்: ஆளுக்கு ஓரிலக்கம். இரண்டாவது, காணித் தாள்: ஒவ்வொரு வயற்றுண்டுக்கும் ஓரிலக்கம். மூன்றாவது, போகத் தாள்: எந்தப் போகத்தில் எந்தக் காணியிலக்கத்தை எந்த அங்கத்தவரிலக்கம் உடையவர் செய்தார், எந்த இனத்தை விதைத்தார் என்னும் விபரம். போகந்தோறும் மூன்றாம் தாளில் மாத்திரமே புதியன எழுதப்படும். முதலிரண்டு தாள்களிலும் உள்ள இலக்கங்கள் அவ்வாறே நிலைத்திருக்கும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி பேணப்படும் விவசாயக் காணிப் பதிவேட்டில் உமது வயலின் விபரம் எவ்வாறு உள்ளதோ, அவ்விபரத்தையும் காணித் தாளில் ஒரு நிரலிற் குறித்து வைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க எளிதாகும்.

விரிதாளை ஆயத்தஞ் செய்தல்

முதலாம் நிரையில் தலைப்புக்களை எழுதுக. ஏ நிரல்: இலக்கம். பி நிரல்: பெயர். சி நிரல்: அடையாள அட்டை இலக்கம். டி நிரல்: ஊர். ஈ நிரல்: தொலைபேசி. எஃப் நிரல்: நிலைமை. நிலைமை என்னும் நிரலில் உள்ளார், விலகினார், காலமானார் என்பவற்றுள் ஒன்றை எழுதுதல் வேண்டும்.

பெயர்களை எழுதுமுன் சி நிரலையும் ஈ நிரலையும் எழுத்துவகை என அமைத்துக்கொள்க. இல்லாவிடின் கணினி அவற்றைக் கூட்டிக் கழிக்கும் எண்களெனக் கருதி, தொலைபேசி இலக்கத்தின் முன்னுள்ள பூச்சியத்தை நீக்கிவிடும். பன்னிரண்டு எண் கொண்ட அடையாள அட்டை இலக்கத்தையும் சுருக்கி வேறு வடிவிற் காட்டும். ஏ நிரலோ எண்வகையாகவே இருத்தல் வேண்டும். அதன் தோற்றத்தை மாத்திரம் நான்கு பூச்சியம் உடைய வடிவமாக, அதாவது 0000 என, அமைத்துக்கொண்டால் 12 என்பது 0012 எனத் தோன்றும். உள்ளிருக்கும் பெறுமானம் 12 ஆகவே இருக்கும்.

இனிவருஞ் சூத்திரங்கள் இங்கே தமிழெழுத்தில் தரப்படுகின்றன. கணினியில் இவற்றை ஆங்கிலப் பெரிய எழுத்துக்களில் இடைவெளியின்றி எழுதுதல் வேண்டும். மாக்ஸ் என்பது எம், ஏ, எக்ஸ் என்னும் மூன்றெழுத்து. இஃப் என்பது ஐ, எஃப் என்னும் ஈரெழுத்து. கவுண்ட்இஃப் என்பது சி, ஓ, யு, என், ரி, ஐ, எஃப் என்னும் ஏழெழுத்து. மொட் என்பது எம், ஓ, டி என்னும் மூன்றெழுத்து. ரெக்ஸ்ட் என்பது ரி, ஈ, எக்ஸ், ரி என்னும் நாலெழுத்து. சில கணினிகளிற் காற்புள்ளிக்குப் பதிலாக அரைப்புள்ளி இடவேண்டி வரும்.

முதன்முறை இலக்கமிடுதல்

ஏற்கெனவே உள்ள அங்கத்தவர் யாவருக்கும் ஒரே முறையில் இலக்கமிடப் பின்வருமாறு செய்க.

1. பி நிரலில் யாவரின் பெயரையும் எழுதி முடிக்குக. கையெழுத்துப் பதிவேட்டில் அவர்கள் சேர்ந்த ஒழுங்கிலேயே எழுதுவது நன்று.

2. ஏ நிரலின் இரண்டாங் கலத்தில், அதாவது ஏ2 என்னுங் கலத்தில், இச்சூத்திரத்தை எழுதுக:

=இஃப்(பி2="","",மாக்ஸ்(ஏ$1:ஏ1)+1)

இதன் பொருள்: பெயர்க்கலம் வெறுமையாயின் இதனையும் வெறுமையாக விடுக. பெயர் இருப்பின் மேலேயுள்ள இலக்கங்களுட் பெரியதை எடுத்து அதனோடு ஒன்றைக் கூட்டுக. முதற்கலத்தில் உள்ளது தலைப்பு எழுத்தாதலின் கணினி அதனை எண்ணாகக் கொள்ளாது. ஆகவே முதலாமவருக்கு 1 கிடைக்கும்.

3. அக்கலத்தின் கீழ் மூலையைச் சுட்டியாற் பிடித்துப் பட்டியலின் இறுதிவரை இழுக்குக. யாவருக்கும் 1, 2, 3 எனத் தொடரிலக்கம் வந்துவிடும்.

4. இதுவே மிக முதன்மையான படி. ஏ நிரலின் இலக்கங்கள் முழுவதையும் தெரிவுசெய்து, நகலெடுத்து, அதே இடத்திற் பெறுமானங்கள் மாத்திரம் என்னும் முறையில் ஒட்டுக. இப்போது சூத்திரம் மறைந்து, இலக்கம் மாத்திரம் நிலைத்துவிடும்.

நாலாம் படியை விட்டுவிட்டால் நேர்வது யாது? ஒருவர் பட்டியலைப் பெயரின் அகர வரிசைப்படி அடுக்குகின்றார் எனக் கொள்வோம். சூத்திரம் ஒவ்வொரு கலத்திலும் உயிரோடு இருப்பதால், அடுக்கியவுடன் கணினி மீண்டும் மேலிருந்து கீழே 1, 2, 3 என எண்ணும். நேற்று 7ஆம் இலக்கமாயிருந்தவர் இன்று 52 ஆகிவிடுவார். களஞ்சியத்தில் 7 என்று எழுதிய மூடைகளோ அவ்வாறே இருக்கும். இப்போது 7 எனப்படுபவர் வேறொருவர். பட்டியலைப் பார்க்கும் எவருக்கும் பிழை தெரியாது. நெல்லை எடுக்க வரும் நாளிலேயே அது வெளிப்படும். பட்டியின் நடுவே ஒரு நிரையை அழித்தாலும் இவ்வாறே கீழுள்ள இலக்கங்கள் யாவும் ஒவ்வொன்று குறையும்.

நிரையெண்ணையே இலக்கமாகக் காட்டும் சூத்திரத்துக்கும் இக்குறை உண்டு. அச்சிடும் பட்டியலில் எத்தனை பேர் எனக் காட்டுவதற்கு அது பயன்படும். அடையாளத்துக்குப் பயன்படாது.

புதிய அங்கத்தவருக்கு இலக்கம் வழங்குதல்

பட்டியலுக்கு அப்பால், ஐ1 என்னுங் கலத்தில் "அடுத்த இலக்கம்" என எழுதி, அதன் அருகே ஜே1 என்னுங் கலத்தில் இச்சூத்திரத்தை இடுக:

=மாக்ஸ்(ஏ:ஏ)+1

ஏ நிரலிலுள்ள இலக்கங்களுட் பெரியது 183 எனின், இக்கலம் 184 எனக் காட்டும். புதியவர் ஒருவர் சேரும்போது பட்டியலின் இறுதியில் அவரது பெயரை எழுதி, ஜே1 காட்டும் இலக்கத்தைப் பார்த்து ஏ நிரலிற் கையால் எழுதுக. எழுதியவுடன் ஜே1 தானாகவே 185 ஆகிவிடும். கணினி எண்ணுகின்றது, மனிதர் எழுதி நிலைநிறுத்துகின்றார். இவ்வாறு வேலையைப் பகிர்ந்துகொண்டால் இலக்கம் மாறும் அச்சம் இல்லை. ஜே1இல் உள்ள சூத்திரத்தை ஏ நிரலினுள் ஒருபோதும் இடலாகாது. தன்னைத் தானே எண்ணப் புகுந்து கணினி பிழை காட்டும்.

விலகியவரின் நிரையை அழித்தல் கூடாது. இறுதியாகச் சேர்ந்த 184ஆம் இலக்கத்தவர் விலகினார் என்று அந்நிரையை அழித்தால், ஜே1 மீண்டும் 184 எனக் காட்டும். அடுத்து வருபவர் அவ்விலக்கத்தைப் பெற்று, முன்னவரின் கடனையுஞ் சேர்த்துப் பெற்றவராவார். நிலைமை நிரலில் "விலகினார்" என எழுதி நிரையை அவ்வாறே விடுக.

இருமுறை வராது தடுத்தல்

கையால் எழுதும்போது தவறுதலாகப் பழைய இலக்கத்தையே மீண்டும் எழுதுதல் கூடும். அதனைத் தடுக்க ஒரு காவல் வைக்கலாம். ஏ2 முதல் ஏ1000 வரையுள்ள கலங்களைத் தெரிவுசெய்து, டேட்டா என்னும் பட்டியலில் டேட்டா வாலிடேஷன் என்பதைத் திறந்து, கஸ்டம் என்னும் வகையைத் தெரிந்து, இச்சூத்திரத்தை எழுதுக:

=கவுண்ட்இஃப்(ஏ$2:ஏ$1000,ஏ2)=1

இவ்விலக்கம் பட்டியலில் ஒருமுறை மாத்திரம் இருத்தல் வேண்டும் என்பது இதன் பொருள். இரண்டாம் முறை எழுதினால் கணினி ஏற்க மறுக்கும். இவ்வாறே சி நிரலுக்கும், ஏ என்னுமிடத்தில் சி என மாற்றி ஒரு காவல் வைக்குக. அப்போது ஒரே ஆள் இருமுறை பதியப்படுவதும் தடுக்கப்படும்.

இக்காவலுக்கும் ஓர் ஓட்டை உண்டு. விரலால் எழுதுவதை அது தடுக்கும். வேறு பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டுவதைத் தடுக்காது. ஆதலின் பட்டியலை எவருக்கேனும் அனுப்புமுன் வெற்றுக் கலம் ஒன்றில் =கவுண்ட்இஃப்(ஏ:ஏ,ஏ2) என எழுதிக் கீழே இழுத்துப் பார்க்குக. யாண்டும் 1 என்றே வருதல் வேண்டும். 2 வந்த நிரைகளைத் திருத்துக.

எழுமானமான இலக்கம் ஏற்றதோ?

கணினி தன் விருப்பப்படி எழுமானமாக ஓர் எண்ணைத் தரும் சூத்திரமும் உண்டு. நாலு தானங்களில் 1000 முதல் 9999 வரை 9,000 எண்கள் இருக்க, நம் அமைப்பில் இருநூறு பேர்தாமே, ஒரே எண் இருவருக்கு வருமோ எனச் சிலர் எண்ணுவர். கணக்கு வேறு விடை தருகின்றது. ஏறக்குறைய 112 பேருக்கு இவ்வாறு இலக்கமிட்டாலே, எவரேனும் இருவருக்கு ஒரே எண் விழும் வாய்ப்புச் சரிபாதியாகும். 150 பேராயின் பத்தில் ஏழு பங்காகும். ஒருவரோடு ஒருவரை ஒப்பிடும் சோடிகள் ஆட்டொகையைவிட மிக விரைவாகப் பெருகுவதே காரணம். 150 பேரில் 11,175 சோடிகள் உண்டு. இருபத்துமூன்று பேர் கூடிய இடத்தில் இருவரின் பிறந்த நாள் ஒன்றாயிருக்கும் வாய்ப்புப் பாதிக்கு மேற்பட்டது என்பதும் இக்கணக்கே.

அன்றியும் எழுமான எண், தாளில் எங்கேனும் ஒன்றை மாற்றும்போதெல்லாம் தானும் மாறிவிடும். சிறிய பதிவேட்டுக்குத் தொடரிலக்கமே எளியதும் உறுதியானதுமாகும்.

எழுத்துப்பிழையைக் கண்டுபிடிக்கும் எண்

களஞ்சியத்தில் மங்கிய வெளிச்சத்தில் 0147 என்பதை 0174 என எழுதிவிடுதல் எளிது. இரண்டும் உண்மையில் உள்ள இலக்கங்களாயின் பிழையை எவர் அறிவார்? இதற்குப் பழைய வழியொன்று உண்டு. இலக்கத்தை 11ஆல் வகுத்து, மீதியை ஒரு கோட்டுக்குப் பின் எழுதுக. 147ஐ 11ஆல் வகுக்க மீதி 4. ஆகவே 0147-4 என எழுதுக. எவரேனும் 0174-4 என மாற்றி எழுதினால், 174ஐ வகுத்தபோது மீதி 9 வருவதால் பிழை வெளிப்படும். நாலு தான இலக்கத்தில் ஓரெண் பிறழ்ந்தாலும், அடுத்தடுத்த இரண்டெண்கள் இடம் மாறினாலும் இம்முறை தவறாது காட்டும். விரிதாளில் மூடைச்சீட்டுக்குரிய முழு இலக்கத்தைத் தானாகப் பெற இச்சூத்திரம் உதவும்:

="நா-"&ரெக்ஸ்ட்(ஏ2,"0000")&"-"&மொட்(ஏ2,11)

ஏ2இல் 147 இருப்பின் நா-0147-4 எனக் கிடைக்கும். இது ஏ நிரலில் நிலைத்த இலக்கத்தைப் பார்த்தே எழுதப்படுவதால் சூத்திரமாகவே இருக்கலாம்.

மூடைக்கும் மரக்கறிப் பாத்திக்கும்

விதைநெல் வைத்திருப்போர், ஒரே வயலில் ஒரே நாளில் அறுத்த ஓரினத்து நெல்லை ஒரு தொகுதியாகக் கொண்டு அதற்கு ஓரிலக்கம் வழங்குக. தாளில் அத்தொகுதியின் காணியிலக்கம், இனம், அறுத்த திகதி, மூடைகளின் தொகை ஆகியவற்றை எழுதுக. ஒவ்வொரு மூடையிலும் அத்தொகுதியிலக்கம் உள்ளேயும் வெளியேயும் இருத்தல் வேண்டும். விதைக்குமுன் ஒவ்வொரு தொகுதியிலும் நூறு மணிகளை எண்ணி முளைக்கவைத்துப் பார்க்கும்போது, முளைதிறன் குறைந்தது எத்தொகுதி என்பது உடனே தெரியும். ஒரு தொகுதி கெட்டால் அதை மாத்திரம் விலக்கலாம். இலக்கமின்றேல் யாவற்றையும் ஐயுற வேண்டும். பீ.ஜீ. 360உம் ஏ.ரி. 362உம் ஒரே களஞ்சியத்தில் இருக்கும்போது இனக்கலப்பைத் தவிர்ப்பதற்கும் இதுவே வழி.

கத்தரி, மிளகாய், வெண்டி, பயிற்றை முதலியன செய்வோர் ஒவ்வொரு பாத்திக்கும் இலக்கமிட்டு, மருந்து தெளித்த திகதியையும், அம்மருந்துக்கு உரிய காத்திருப்பு நாட்களையும் எதிரே எழுதுக. எப்பாத்தியில் இன்று காய் பறிக்கலாம், எப்பாத்தியிற் பறிக்கலாகாது என்பது ஐயமின்றித் தெரியும். நல்ல விவசாய நடைமுறைச் சான்றிதழ் பெற விரும்புவோருக்கு இத்தகைய பதிவுகள் இன்றியமையாதவை.

கைக்கொள்ள வேண்டியவை

1. பதிவேட்டில் இலக்கம் வழங்கும் பொறுப்பு ஒருவருக்கே உரியதாக இருத்தல் வேண்டும். இருவர் தத்தம் கணினியில் வெவ்வேறாக வழங்கினால் இருவரும் 184ஐ வழங்குவர்.

2. வழங்கிய இலக்கத்தைச் சூத்திரமாக விடாது பெறுமானமாக நிலைநிறுத்துக.

3. அடுக்கும்போது ஏ நிரலை மாத்திரமோ பெயரை மாத்திரமோ அடுக்காது, எல்லா நிரல்களையும் ஒருங்கே தெரிவுசெய்து அடுக்குக.

4. நிரையை அழிக்காதீர். நிலைமையை மாற்றுக.

5. ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் பட்டியலை அச்சிட்டு, கூட்டத்தில் வாசித்து, கமக்காரரின் ஒப்புதலைப் பெறுக. மின்சாரம் இல்லாத நாளிலும் தாள் பேசும்.

6. விரிதாளின் பிரதியொன்றை வேறொரு கணினியிலோ சேமிப்புச் சாதனத்திலோ வைக்குக. பிரதியின் பெயரில் திகதியை எழுதுக. வெள்ளம் வரும் நிலத்தில் ஒரே இடத்தில் யாவற்றையும் வைத்தல் அறிவுடைமையன்று.

இலக்கம் சிறிய பொருளே. ஆயினும் குளத்து மதகைப் போல, அது சரியாக நின்றாற்றான் நீர் உரிய வாய்க்காலுக்குச் செல்லும். அமைப்பின் செயலாளர் இம்முறையை வரும் காலபோகத்துக்கு முன்னரே கைக்கொள்வாராக. ஏனைய கமக்காரர் தத்தம் இலக்கத்தை அறிந்து, காணிப் பத்திரங்களோடு எழுதி வைப்பாராக. ஐயம் உள்ளோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகிக் கேட்டறிந்துகொள்க.